தூர்வாரும் முன் ஒரு குழாய் மண்

ஆசிரியருக்கு,

கோடை வந்தால் சென்னைப் புறநகர் ஏரிகளில் பொக்லைன் இறங்கிவிடுகிறது. தூர்வாருவது அவசியம்தான், 2015 வெள்ளத்தைப் பார்த்த யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் டிப்பர் லாரியில் போவது வெறும் சேறு இல்லை. காற்றுப் புகாத ஈர வண்டலில் மகரந்தத் துகள்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். சுற்றிலும் புல்வெளியா, காடா, அலையாத்தியா என்று அவற்றை வைத்தே சொல்லலாம். ஆழத்து அடுக்கின் வயதைக் கணிக்கக் கார்பன்-14, மேலடுக்குக்கு சீசியம்-137 என்று இரண்டு கதிரியக்க அணுவகைகள் உதவும். அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் படிந்த சீசியம் 1963 வாக்கில் உச்சம் தொட்டது; அது மிகுந்திருக்கும் அடுக்கு அந்த ஆண்டையொட்டிப் படிந்தது என்று கணிக்கலாம். (அணுகுண்டால் இப்படியும் ஓர் உபயோகம்!)

பள்ளிக்கரணை அருகே எங்கள் தெருவில் அஸ்திவாரம் தோண்டியபோது, கொட்டி நிரப்பிய செம்மண்ணுக்குக் கீழே கருங்களி. அதில் நகக்கண் அளவு வெள்ளைச் சிப்பிகள். உப்புநீரில் வாழ்ந்தவையா, நன்னீரிலா என்பது வகை தெரிந்தால் தெரிந்துவிடும். யாரும் பார்க்கவில்லை, லாரி போய்விட்டது.

சரி, என்ன செய்யலாம்? பொக்லைன் இறங்கும் முன் ஏரி நடுவில் ஒரு பிவிசி குழாயைச் செங்குத்தாக இறக்கி, அடுக்கு கலையாமல் மண் எடுத்து, மேல்முனை எது என்று குறித்து வைக்கலாம். சென்னைப் பல்கலைக்கழக நிலவியல் துறை கிண்டியிலேயே இருக்கிறது. நீர்வளத்துறை இதை ஒப்பந்த விதியிலேயே சேர்க்கட்டும்.

ஒரு வாசகர், பள்ளிக்கரணை, சென்னை