மாமாவின் மாத்திரையும் உன் ஆராய்ச்சியும்

மதுரை

அன்புள்ள கயலுக்கு,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து அதே நினைப்புதான். மனநோய்க்குக் கொடுக்கிற லித்தியம் மருந்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நீ சொன்னதும், "உங்கள் வீட்டிலேயே ஒருவர் சாப்பிடுகிற மருந்து, உன்னால் எப்படி நடுநிலையாகப் பார்க்க முடியும்?" என்று கேட்டுவிட்டார்களாமே. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்டவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பயந்து தலைப்பை மட்டும் மாற்றிவிடாதே. இதே கேள்வி லித்தியத்தை ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஸ்கவ்வையும் விடாமல் துரத்தியது. அவரைப் பற்றி நீ பாடத்தில் ஒரு வரி படித்திருப்பாய். உன் மாமாவுக்கு லித்தியம் ஆரம்பித்த காலத்தில் நான் தேடித் தேடிப் படித்தேன்.

டென்மார்க்கில் டயானலுண்ட் என்ற ஊரில் அவருடைய அப்பா மனநல மருத்துவர். மருத்துவமனைத் தோட்டத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நோய் எப்போது விலகும் என்று காத்தபடி நடந்த நோயாளிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். அப்புறம் சொந்தத் தம்பிக்கே மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தது. இப்படிப்பட்டவர் வேறு எதை ஆராய்வார், சொல்?

ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் 1949-இல், மனம் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழும் மேனியா நோய் கண்ட பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில், உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பைச் சாப்பிட்ட இதய நோயாளிகள் சிலர் இறந்துபோக, அதன் பேரே கெட்டுப்போனது. ஜான் கேட் மருந்து கொடுத்த முதல் நோயாளியும் தேறி வீட்டுக்குப் போய், மாத்திரையை நிறுத்தி, மறுபடி நோயில் விழுந்து, கடைசியில் 1950-இல் லித்தியம் நச்சாலேயே இறந்தார். எல்லோரும் கையை உதறிக்கொண்ட நேரத்தில்தான் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஸ்கவ் அதைக் கையில் எடுத்தார். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார்கள். 1954-இல் கட்டுரை வந்தது. மேனியாவுக்கு அது வேலை செய்கிறது என்பது தெரிந்தது.

அவருக்குப் பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. நோய் வந்தபின் அடக்குவது ஒன்று, வராமலே தடுப்பது வேறு. பால் கிறிஸ்டியன் போஸ்ட்ரப் என்ற மருத்துவரோடு சேர்ந்து 88 பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 1967-இல் எழுதினார். லித்தியத்துக்கு முன்னால் ஆண்டுக்குச் சராசரியாக 13 வாரம் நோயில் கிடந்தவர்கள், லித்தியம் ஆரம்பித்த பிறகு இரண்டு வாரத்துக்கும் குறைவாகவே கிடந்தார்கள்.

மறு ஆண்டே லண்டனிலிருந்து பிளாக்வெல்லும் ஷெப்பர்டும் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இதுவும் இன்னொரு கட்டுக்கதைதானா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். மருந்து கொடுத்தவரே பலனையும் எடை போட்டிருக்கிறார், மருந்தில்லாத குழு என்று ஒன்றே இல்லை என்றார்கள். சொந்தத் தம்பிக்கே அந்த மருந்தைக் கொடுத்து, அவன் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு அது எப்படி வலித்திருக்கும்! வெற்று மாத்திரைக் குழு ஒன்று வைத்தால் அதில் யாரோ ஒருவருடைய தம்பி விழுவான். அவன் தற்கொலைவரைகூடப் போகலாம். அந்தத் தயக்கம் ஸ்கவ்வுக்கும் போஸ்ட்ரப்புக்கும் நிறைய இருந்தது. ஆனாலும் செய்தார்கள். ஏற்கெனவே லித்தியத்தில் நிலையாக இருந்த 84 பேரில் சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. யாருக்காவது நோய் திரும்பினால் உடனே சோதனையிலிருந்து எடுத்துச் சிகிச்சை. வித்தியாசம் உறுதியான அன்றே சோதனையை நிறுத்துகிற மாதிரி கணக்கை வைத்திருந்தார்கள். 1970-இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை வாங்கிய 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்திலேயே இருந்த 45 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை, கயல். தம்பி மேல் இருந்த பாசத்தை அவர் மறைக்கவும் இல்லை, அதை வைத்து வாதாடவும் இல்லை. அந்தப் பாசம் உள்ளே நுழைய முடியாதபடி சோதனையை அமைத்தார், அவ்வளவுதான். நீயும் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் வேலை பார்த்த இரத்தப் பரிசோதனை லேபில் எனக்கும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது உனக்குத் தெரியாது. மாமாவின் இரத்தம் வரும் நாளில் அந்தக் குழாயைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவேன். சுடரில் எரித்து அளக்கிற பிளேம் போட்டோமீட்டர் கருவியில் லித்தியம் ஏறினால் சுடரில் செம்மை படரும். ஆனால் முடிவைச் சொல்வது மீட்டர் முள்தான். முள் ஆடி ஆடி நிற்கும் இடத்தில் 0.7 என்றும் படிக்கலாம், 0.8 என்றும் படிக்கலாம். அக்காவின் கண் எதைப் படிக்க ஆசைப்படும் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் படித்து எழுதிய ரிப்போர்ட்டைத்தான் நான் பார்ப்பேன்.

அதனால் உன் ஆய்வில் மாமாவின் சேதியை முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடு. நோயாளியின் நிலையை மதிப்பிடும் வேலையை உன் கையில் வைத்துக்கொள்ளாதே. குழாயில் பெயர் வேண்டாம், எண் போதும்.

பழைய மருந்து, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றும் யாரோ சொன்னதாகச் சொன்னாய். காப்புரிமை கிடைக்காத தனிமம் என்பதால் எந்தக் கம்பெனியும் இதற்காகப் பணம் கொட்டாது. அப்படியென்றால் உன்னை மாதிரி ஒருத்தி செய்தால்தானே உண்டு? மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள், கை நடுக்கமா, ஓயாத தாகமா, சிறுநீரகம் கெடுமோ என்ற பயமா, அல்லது நன்றாகிவிட்டோம் என்ற நினைப்பா என்று நீ கேட்கப் போவதாகச் சொன்னாயே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாமாவும் ஒருமுறை நிறுத்தினான். அப்போது வீடு பட்ட பாடு உனக்கே ஞாபகம் இருக்கும்.

தீபாவளிக்கு வரும்போது நீ எழுதியதைக் கொண்டு வா, லேப் பகுதியை நான் பார்த்துத் தருகிறேன். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துதான் இரத்தம் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரு வரி எழுதிவிடுவார்கள். உண்மையில் எத்தனை மணிக்கு விழுங்கினார் என்று கேட்டு எழுத, படிவத்தில் ஒரு கட்டம் வை. இரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் எடுத்துவிடாமல் நர்ஸ்களிடமும் முன்கூட்டியே சொல்லி வை. அதில் எடுத்தால் இல்லாத லித்தியத்தைக் காட்டும். அப்படி வந்த குழாய்களை நான் திருப்பி அனுப்பி, வார்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் உண்டு.

மாமாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவனைப் பற்றி எழுதப் போவதால் நீயே பேசிச் சம்மதம் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, வீட்டில்தான் இருப்பான்.

அன்புடன்,
அம்மா