பேட்டரியில் எவ்வளவு மிச்சம்? உரிமையாளருக்குச் சொல்ல விதி செய்யுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கு,

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2020-இல் வாங்கிய மின்சாரக் காரை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. காரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. இஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை, தேய்வதற்குக் கிளட்ச் இல்லை, பெட்ரோல் விலை ஏறினால் கவலையில்லை. இன்னும் பல ஆண்டுகள் இதையே ஓட்ட வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். அதற்குத் தேவையான ஒரு தகவல் எங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அதை எங்களுக்குத் தர மறுக்கிறார்கள்.

புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை சதவீதம் இன்று பேட்டரியில் எஞ்சியிருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. பேட்டரியை நிர்வகிக்கும் மின்னணு அமைப்பு இதைக் கணக்கிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "பேட்டரி நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்கிறார்கள். எண்ணைச் சொல்லுங்கள் என்றால், வாடிக்கையாளருக்குக் கொடுக்க அனுமதியில்லை என்கிறார்கள். வண்டியின் கணினியில் உள்ள தரவைப் படிக்கும் ஓபிடி கருவியை நானே வாங்கிச் செருகி, கைப்பேசியில் தெரிந்த எண்ணைக் காட்டினேன். அதை ஆதாரமாக ஏற்க முடியாதாம். 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதப் பத்திரம் இருக்கிறது. ஆனால் அளப்பதும் அவர்கள், தீர்ப்புச் சொல்வதும் அவர்கள் என்றால் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

லித்தியம் அயனி பேட்டரி ஓடினால் மட்டும் தேய்வதில்லை, சும்மா நின்றாலும் தேயும். உள்ளே கிராஃபைட் மின்முனைமீது படியும் மெல்லிய படலம் நாளாக நாளாகத் தடித்து, மின்னைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. வெப்பம் அதை வேகப்படுத்தும். முழு சார்ஜில் நீண்ட நேரம் நிற்பதும் வேகப்படுத்தும். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பழைய மகாபலிபுரம் சாலையில் நாள் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும் காருக்கும், அண்ணா நகரில் நிழலில் நிறுத்தி 80 சதவீதத்தோடு சார்ஜை முடித்துக்கொள்ளும் காருக்கும் வயது ஒன்றாக இருக்கலாம், ஓடிய தூரமும் ஒன்றாக இருக்கலாம். பேட்டரிகள் ஒன்றல்ல.

அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஆரம்பகால நிசான் லீஃப் கார்களுக்கு நேர்ந்ததை உங்கள் பொறியாளர்கள் அறிவார்கள். அவற்றின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை; கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைந்தது. ஆனால் அந்தக் கார்களின் டாஷ்போர்டில் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் இருந்தன. கோடுகள் மறைவதை உரிமையாளர்கள் கண்ணால் பார்த்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் 9 கோடுகளுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக நிறுவனம் இறங்கி வந்தது. எங்களிடம் அந்தக் கோடுகள்கூட இல்லை.

விற்க நினைத்தாலும் இதே இருட்டுதான். பெட்ரோல் காரென்றால் புகையைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் புதுப்பேட்டை மெக்கானிக் நிலைமையைச் சொல்லிவிடுவார். மின்சாரக் காரைப் பார்க்க வருபவருக்குப் பேட்டரியின் நிலை தெரியாது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீருக்குள் நின்ற வண்டியா என்பதும் தெரியாது. பயத்தில் விலையை அடிமட்டத்துக்குக் கேட்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது சில நிறுவனங்கள் தரும் வாழ்நாள் உத்தரவாதமும் முதல் உரிமையாளரோடு நின்றுவிடுகிறது. (உங்கள் துறையைச் சேர்ந்ததல்ல என்றாலும் சொல்லிவிடுகிறேன்: புதிய மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பழைய காருக்கு மாற்று பேட்டரி தனியாக வாங்கினால் 18 சதவீதம். இருக்கிற காரைக் காப்பாற்ற நினைப்பவருக்கு ஏன் இந்தத் தண்டனை?)

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. வாகனங்களுக்கான உலகத் தொழில்நுட்ப விதிகளை வகுக்க ஏற்பட்ட, இந்தியாவும் உறுப்பினராக இருக்கும் 1998 உடன்படிக்கையின் கீழ் ஐ.நா. 2022-இல் வகுத்த உலகத் தொழில்நுட்ப விதி எண் 22, 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. எஞ்சிய அளவை உரிமையாளருக்கு வண்டியே காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுப் பேட்டரிச் சட்டம் இந்தத் தரவைப் படிக்கும் உரிமையை, பேட்டரியை வாங்கியவருக்கே கொடுத்துவிட்டது. இதே இரண்டையும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேருங்கள். வண்டி கைமாறும்போது, தயாரிப்பாளரைச் சாராத மையம் ஒன்று அளந்து தரும் பேட்டரிச் சான்றிதழையும் ஆர்.சி.யோடு இணைக்கச் செய்யுங்கள்.

அப்படி விதி வரும்போது, அது இனி விற்கும் கார்களுக்கு மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளிலும் அந்த எண் இருக்கிறது. அதைத் திரையில் காட்ட, பெரும்பாலும் ஒரு மென்பொருள் மாற்றம் போதும். முதன்முதலில் நம்பி வாங்கியவர்களின் கார்களில்தான் பேட்டரி முதலில் வயதாகிறது. அவர்களுக்கு உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அந்த எண் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு மின்சாரக் கார் உரிமையாளர்