தகட்டின் மறுபக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பழைய மோரிஸ் மைனர் காரின் இரண்டு பக்க சில் பேனலும் (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி) அடியில் அரித்துப்போயிருக்கிறது. ஓட்டுநர் பக்கத் தரைத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. தகடு வாங்கி நீயும் உன் தோழியும் சொந்தமாகவே வெட்டி, வளைத்து, பற்றவைக்கப் போகிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் பட்டறை இடம் கிடைத்ததும் நல்லதாயிற்று. வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் இந்த வேலைக்குக் கிரைண்டரைக்கூட எடுக்கக் கூடாது.

கப்பல் பட்டறையில் 10 மி.மீ. தகட்டைப் பற்றவைத்துப் பழகியவர்கள்கூட கார் பாடியில் தடுமாறுவார்கள். இங்கே தகடு 1 மி.மீ.க்கு முன்னே பின்னே. நீ முன்பக்கம் வைக்கும் சூடு கண்மூடித் திறப்பதற்குள் பின்பக்கம் போய்விடும். அதனால் வெல்டிங் டார்ச்சின் பொத்தானை அழுத்துமுன், ஒவ்வொரு தடவையும், மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா.

முதலில் பெட்ரோல் டேங்க். மைனரில் அது டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும். பெட்ரோலை வடித்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடாதே. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பொல்லாதது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றில் ஒன்றரைப் பங்கு இருந்தாலே ஒரு பொறி போதும். டேங்கைக் கழற்றி, வாயை அடைத்து, பட்டறைக்கு வெளியே நிழலில் வை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து வரும். அதே கூடத்தின் மூலையில் வைத்தால் கழற்றியதற்கே பலனில்லை. எஞ்சின் வரை ஓடும் பெட்ரோல் குழாயையும் எடுத்துவிடு. டேங்கிலேயே ஓட்டை இருந்தால் புதிது வாங்கிக்கொள். தண்ணீர் நிரப்பிப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதே.

மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தரைக்குக் கீழே, பாடியோடு சேர்ந்த பெட்டி உத்தரத்துக்குள் (சேசிஸ் கால் என்பார்கள்) ஒளிந்திருக்கும். பிரேக் ஆயிலும் எரியும். அதையும் கழற்று. பழைய மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். ஆகவே நிறத்தைப் பார்க்காமல், பாடிக்குப் போகும் கம்பி எதுவோ அதை முதலில் கழற்றி, பேட்டரியையே தூக்கி வெளியே வை.

பற்றவைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு, இரண்டு பக்கமும், தார் பூசிய அண்டர்சீலைச் சுரண்டி எடு. கம்பளம், சத்தத்தடுப்பு அட்டை, வயர் எல்லாவற்றையும் விலக்கு. நாலு பக்கமும் மூடிய பெட்டிக் குழாயை அப்படியே பற்றவைக்காதே. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, உருகிய இரும்பை உன் முகத்தை நோக்கி ஊதித் தள்ளும். சிறு துளை ஒன்று போட்டுக்கொள், கடைசியில் அடைத்துக்கொள்ளலாம்.

துத்தநாகம் பூசிய தகடு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதே. இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். அந்தப் புகையை உள்ளே இழுத்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் போல நடுங்கும், உடம்பெல்லாம் வலிக்கும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகும். புகை போனது நுரையீரலுக்கு. பூச்சு இல்லாத சாதா தகடு வாங்கு. நுண்புகையைத் தடுக்கும் பி100 வடிகட்டி வைத்த அரைமுக மாஸ்க் வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் அடங்கும், அதைப் போட்டுக்கொள்.

இதைவிடப் பெரிய பயம் எனக்கு பிரேக் கிளீனர்மேல். சில வகைகளில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அது ஈரமாக இருக்கும் இரும்பில் ஆர்க் (பற்றவைக்கும் மின்சுடர்) பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கொஞ்சம் போதும். அப்போது லேசான இருமலோடு விட்டுவிடும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். டப்பாவில் "குளோரோ" என்றோ "குளோரைடு" என்றோ எந்த இடத்திலாவது வரும் ஒரு பெயர் இருந்தால் அது உன் பட்டறைக்குள்ளேயே வர வேண்டாம். எண்ணெய் துடைக்க அசிட்டோன் போதும். துடைத்த துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுத் தள்ளி வை. இரும்பு நன்றாகக் காய்ந்த பிறகே டார்ச்சை எடு.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். ஈரத் தோலில் மின்சாரம் சுலபமாக இறங்கும். காருக்கு அடியில் படுக்கும்போது முதுகு ஈர சிமென்ட் தரையில் படக் கூடாது, காய்ந்த பிளைவுட்டைப் போட்டுப் படு. தோல் கையுறை இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடு. பட்டறையின் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதே. அது 230 வோல்ட் பக்கத்தைத்தான் கவனிக்கும். மெஷினின் வெல்டிங் பக்கம் தனிச் சுற்று, அங்கே உன்னைத் தாக்கினால் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. டிரை-ஃபிட் மாதிரி பாலியஸ்டர் டி-ஷர்ட் வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். தடித்த பருத்திச் சட்டை, பேண்ட் ஷூவுக்கு வெளியே. சங்கிலி, வளையல், மோதிரம் வீட்டிலேயே இருக்கட்டும். கொண்டையைத் தொப்பிக்குள் அடக்கு.

புழுக்கம் தாங்காமல் ஃபேனை உன் பக்கம் திருப்பினால் கவச வாயு, அதாவது உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கும் வாயு, பறந்துபோகும். பற்றவைப்பு ஆப்பத்தின் மேல்பக்கம் போலத் துளைத்துளையாக நிற்கும். அதில் வலு இருக்காது. ஃபேனை உன் பின்னால் வைக்காமல், பக்கவாட்டில் தூரத்தில், புகையை வெளியே இழுக்கிற மாதிரி வை.

ஹெல்மெட் கண்ணாடியின் இருட்டு அளவு ஷேட் 10. கிரைண்டர் வேலைக்கென்று இருட்டாகாதபடி மாற்றிய ஹெல்மெட்டைத் திரும்ப வெல்டிங்குக்கு மாற்ற மறப்பதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. பக்கத்தில் நிற்கும் தோழிக்கும் ஒன்று வேண்டும். ஆர்க் பட்ட கண் அன்று இரவுதான் மணல் கொட்டியது போல உறுத்தும். தேய்க்காமல் மருத்துவரிடம் போ.

இனி பற்றவைப்பு. மிக் மெஷினில் (கம்பி தானாக வரும் வெல்டிங் மெஷின்) 0.6 மி.மீ. கம்பி, வாயு ஆர்கான் ஐந்தில் நாலு பங்கு, மீதி கார்பன் டை ஆக்சைடு, நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர். கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுரண்டிய பளபள இரும்பில் மாட்டு. தள்ளி மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகச் சுற்றி வந்து அதைக் கெடுக்கும்.

நீளமாக ஒரே கோடு இழுத்தால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வை, பிறகு இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று இடைவெளியை நிரப்பு. நடுவில் தானாக ஆறவிடு, தண்ணீர் ஊற்றாதே. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளில் மேல் தகட்டில் 6 மி.மீ. துளை போட்டு, துளையின் நடுவே தெரியும் அடித் தகட்டில் ஆர்க்கைத் தொடங்கி, சுற்றி நிரப்பு.

காரில் வைக்குமுன் அதே கனத்தில் கழிவுத் தகட்டில் பத்துப் புள்ளி வைத்துப் பழகு. வைஸில் பிடித்து, இடுக்கியால் மேல் தகட்டைப் பிய்த்துப் பார். பொட்டு மட்டும் சுத்தமாக உரிந்து வந்தால் அது மேலே உட்கார்ந்திருந்தது, உள்ளே இறங்கவில்லை. ஒரு தகட்டில் ஓட்டை விழுந்து, அந்த இரும்பு மற்றதோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பின்பக்கம் நீலம் பாய்ந்து, நடுவில் சின்ன மேடு தெரியும். அது தெரியாமல் சில் பக்கம் போகாதே. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, சில்லும் தரையும்தான் காரைத் தாங்குகின்றன. வெட்டுமுன் வண்டியை ஜாக்கில் விடாமல் ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்து. 25 மி.மீ. சதுரக் குழாயைக் கதவு வாசலின் குறுக்கே பற்றவைத்துக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். அவ்வப்போது கதவை மாட்டி இடைவெளியைப் பார்.

கடைசிப் புள்ளி வைத்த பிறகு ஒரு மணி நேரம் இடத்தைவிட்டு நகராதே. பெட்டிக்குள் கனன்ற தார் அரை மணி கழித்துக்கூடப் பிடிக்கும். டார்ச் லைட் அடித்துப் பார், முகர்ந்து பார். பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், கைபேசியில் தீயணைப்புப் படையின் 995. கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, சங்கிலி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது பிய்த்துப் பார்த்த துண்டுகளைப் பையில் போட்டுக் கொண்டு வா. அவற்றின் பின்பக்கத்தை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
ஈசூன்