முதல் வரியில் ஊர்

மதுரை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெற்குத் தெரு விவகாரமும் ஒரு வழியாகத் தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்திருக்கும் என்று உனக்கே தெரியும். நாலு நாளாக நான் போனில் அனுப்பியதற்கெல்லாம் சேர்த்து நீ அனுப்பிய ஒற்றைக் கட்டைவிரல் கிடைத்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மும்பையில் இன்டர்ன்ஷிப் முடித்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று அம்மாதான் இரண்டு வேளையும் கேட்கிறாள். வரும்போது சொல்லுவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இந்தக் கடிதம், நீ வேலைக்கு எழுதிப் பதிலே வராத சென்னையைப் பற்றி மட்டும்.

பெரிய சட்ட ஃபர்ம்கள் மும்பைக்கும் டில்லிக்கும் ஆள் எடுக்கக் கேம்பஸுக்கே வந்து ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அங்கே மார்க்கும் இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டும் பேசும், ஊர் பேசாது. சென்னை ஆபீஸ் வேறு மாதிரி. ஒரு பார்ட்னருக்குக் கீழே நாலைந்து அசோசியேட் இருந்தால் அதிகம். ஒருவர் எட்டு மாதத்தில் பெங்களூருக்குக் கிளம்பினால் அந்த டீமே நொண்டும். அதனால்தான் அவர்கள் பயோடேட்டாவில் ஊரைத் தேடுகிறார்கள். உன் பயோடேட்டாவை எடுத்துப் பார்: சட்டப் படிப்பு வடக்கே, மூன்று லீவு இன்டர்ன்ஷிப் டில்லியில், ஒன்று மும்பையில், முகவரியும் டில்லி. 'இந்தப் பெண் இங்கே இருக்க மாட்டாள்' என்று முடிவு கட்ட அரை நிமிடம் போதும். நீ மூட் கோர்ட்டில், அந்த மாதிரி வழக்குப் போட்டியில், ஜெயித்தது அதற்குக் கீழேதான் வருகிறது. அதுவரை யார் படிப்பார்கள்?

எனவே முதல் வரியில் ஊரைப் போடு. பெயருக்குக் கீழே 'மதுரை / சென்னை', எந்தத் தேதியிலிருந்து சேர முடியும் என்பது, தமிழ் எழுதப் படிக்கப் பேச வரும் என்பது. 'மொழிகள்' என்று கடைசியில் ஒளித்துவைக்காதே. மெயிலை ஹெச்.ஆருக்கு மட்டும் போடாமல், நீ விரும்பும் வேலையைச் செய்யும் பார்ட்னருக்கு நேராக எழுது. பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டு, இரண்டு முறை வேண்டாம். ஒரே ஃபர்மின் மும்பை ஆபீஸுக்கும் சென்னை ஆபீஸுக்கும் ஒரே வாரத்தில் போடாதே. இரண்டும் ஒரே ஹெச்.ஆர். மேஜைக்குத்தான் போகும், சென்னை உனக்கு இரண்டாம்பட்சம் என்று தெரிந்துவிடும்.

'ஏன் சென்னை?' என்று கட்டாயம் கேட்பார்கள். 'அப்பா அம்மா இங்கே இருக்கிறார்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே. பையன் சொன்னால் பொறுப்பானவன் என்பார்கள். பெண் சொன்னால் கல்யாணமானால் போய்விடுவாள் என்று கணக்குப் போடுவார்கள். வேலையைச் சொல். ரியல் எஸ்டேட் டீமுக்கும், கயத்தாறு, தூத்துக்குடிப் பக்கம் காற்றாலைக்கும் சோலாருக்கும் நிலம் வாங்கித் தரும் டீமுக்கும் தமிழ்ப் பத்திரம் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கையெழுத்துப் பத்திரத்தில் 'மாமூல் பாதை பாத்தியம் உள்பட' என்று நான்கெல்லைக்குள் ஒரு வரி மறைந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதை 'வழக்கமான பாதை' என்று எழுதிவிட்டுப் போவார். நிலத்துக்கு நடுவே பக்கத்துக் காட்டுக்காரனுக்கு வண்டிப்பாதை உரிமை இருக்கிறது என்பது வேலி போடும் அன்றைக்குத்தான் தெரியும்.

சொத்துரிமை சரியா என்று பாங்குக்கு ஒப்பீனியன் எழுதும்போது நான் பார்க்கும் வரிசை உனக்குத் தெரியும்: மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, கிராமத்து நில விவரம் உள்ள அ-பதிவேடு, எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படம். கோளாறு பெரும்பாலும் பட்டாவில். எண்பதுகளில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது விழுந்த பெயர்ப் பிழைகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் புது உட்பிரிவு. இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் ஒப்பீனியன் கொடுத்தவர்கள் பலர். பதிவு செய்யாத உயில் வில்லங்கத்தில் வராது. மகள் பங்கு என்றதும் வெளியூரில் படித்தவர்கள், இந்து வாரிசுரிமைச் சட்டம் நாடு முழுக்கத் திருத்தப்பட்ட 2005 என்று ஆரம்பிப்பார்கள். நம் மாநிலத்தில் அது 1989 மார்ச் 25-லேயே வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகாத மகளுக்கு அன்றிலிருந்தே பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. இன்டர்வியூவில் இதை ஒரு தடவை சரியாகச் சொன்னால் நீ எந்த ஊர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

மதுரையையும் மறைக்காதே. கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வரை ரிட் மனுக்கள் 2004-லிருந்து ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில்தான். இங்கே ஆபீஸ் இல்லாத சென்னை ஃபர்முக்கு, இங்குள்ள ஃபைலிங் நடைமுறை தெரிந்த ஒருவர் உள்ளே இருப்பது லாபம்.

ஃபர்ம் வேண்டாம், ஒரு சீனியர் வக்கீலின் சேம்பரில் சேர்வதென்றால் கதை வேறு. அங்கே ஊர்த் தொடர்பு வெளிப்படையாகவே நடக்கும். மாவட்ட வக்கீல்கள் கேஸ் கட்டு அனுப்பினால்தான் சீனியருக்கு அப்பீல் வரும். அந்த மாவட்டத்துப் பிள்ளை ஜூனியராக இருந்தால் கட்டு நிற்காமல் வரும். சம்பளத்தை முதல் நாளே பேசிவிடு. சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று 2024 ஜூனில் ஐகோர்ட் சொல்லியிருக்கிறது. அதை எடுத்துக் கொடுப்பவரை நீதான் தேட வேண்டும்.

எழுத வந்தது இதுவல்ல. நிரந்தர முகவரி என்ற இடத்தில் டில்லிச் சித்தப்பா வீட்டைப் போடச் சொன்னது நான். இரண்டாம் வருடம் நீ மதுரைக் கிளையில் ஒரு மாதம் உட்கார்கிறேன் என்றபோது 'இங்கே என்ன கற்றுக்கொள்ளப் போகிறாய்' என்று தடுத்ததும் நான். உன் படிப்புக்காக என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது பொய். 'எந்த ஊர், யார் வீடு' என்று கேட்பவர்கள் ஊரை மட்டும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி உன்னிடம் வரவே கூடாது என்று ஊரையே அழித்துவிட்டேன். நியாயமாகக் கேட்பவனுக்கும் நீ காட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று. உன் மார்க்கில் குறையில்லை. மும்பையில் எதுவாக ஆகியிருந்தாலும், சென்னையில் பதிலே வராமல் போனதற்கு நீ காரணமில்லை.

வக்கீல் என்ரோல்மெண்டைத் தமிழ்நாடு பார் கவுன்சிலில் செய். வழக்கறிஞர்கள் சட்டம் 30-ஆம் பிரிவுப்படி எங்கும் தொழில் செய்யலாம், சரிதான். ஆனால் உன் பெயர் எந்த ஊர் வக்கீல் பட்டியலில் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். ஃபாரத்தில் நம் வீட்டு முகவரியைப் போடு. பயோடேட்டாவிலும் முதல் வரியில் போடு. முன்பே சொல்லிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

இத்துடன் மூன்று பத்திரம் ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். பெயர்களை மையால் அடித்துவிட்டேன், உறவுமுறை தெரியும். இரண்டாவது, 1992-ஆம் வருடப் பூர்வீகச் சொத்துப் பாகப்பிரிவினை. கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய ஒருவர் அதில் போடவில்லை. யார் என்று கண்டுபிடித்து எழுது. கட்டைவிரல் வேண்டாம்.

அப்பா