கரை நேராய் வந்த போர்வைக்கு ஒரு நன்றி மடல்

விசுவமடு, தருமபுரம், கிளிநொச்சி என்று பல இடங்களிலும் இருக்கிற என் அன்பானவர்களுக்கு,

அம்மாவின் போர்வை முடிந்துவிட்டது. தொடங்கிய கரையும் முடித்த கரையும் ஒரே அகலம். நாலாய் மடித்தால் மூலையோடு மூலை பொருந்துகிறது. முதன்முதலாகக் குரோசே ஊசி (நுனியில் கொக்கியுள்ள பின்னல் ஊசி) பிடித்த கைக்கு இது வாய்த்ததென்றால் அது உங்களால்தான். நேரில் சொன்னால் "இதுக்கெல்லாம் என்ன நன்றி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

வன்னி வெயிலுக்குக் கம்பளிப் போர்வை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரை நாங்கள் யாரும் மறக்கமாட்டோம். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் அந்தக் குளிரில் விறைத்துச் செத்தன. அந்த இரவுகளில் இருந்த சீலை, பெட்சீற் எல்லாவற்றாலும் போர்த்திவிட்டும் அம்மாவின் நடுக்கம் நிற்கவில்லை. அப்போது மனதில் விழுந்த எண்ணம்தான் இது.

முதல் நன்றி பக்கத்து வளவுப் பெரியம்மாவுக்கு. ஒரு காலத்தில் ரேந்தை பின்னித் தலையணை உறைக்கும் மேசை விரிப்புக்கும் வைத்தவர். 2009 போரில் எல்லோரையும் போல அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தார். ஊசிப் பெட்டியும் உறைகளும் அதோடு போயின. அதன்பிறகு ஊசியே தொடாதவர், எனக்காகத் திரும்பவும் தொட்டார். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தும் பின்னலை விரலால் தடவியே ஒரு வரியில் எத்தனை கண்ணி, அதாவது எத்தனை தனிப் பின்னல், என்று சொல்லுவார்.

"பிள்ளை, கண்ணி களவு போறது கரையிலதான். நடுவில ஒண்டும் போகாது" என்றார். புதிதாய்ப் பழகுகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். டபிள் குரோசேயில், அதாவது ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிப் பின்னுகிற உயரமான கண்ணியில், ஒரு வரி முடிந்து திரும்பும்போது மூன்று சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாய் இழுத்தெடுக்கிற வளையம்) போடுகிறோம். அந்த மூன்றும் சேர்ந்து அடுத்த வரியின் முதல் கண்ணி. ஆகவே ஊசி அதன் காலடியிலுள்ள கண்ணிக்குள் போகக்கூடாது, அடுத்ததற்குள் போகவேண்டும். வரியின் கடைசிக் கண்ணியைப் போன வரியில் போட்ட அந்த மூன்றாவது சங்கிலியின் தலையில் பின்னவேண்டும். சிக்கல் அங்கேதான். அந்தச் சங்கிலி முறுகிப் பின்பக்கம் ஒளிந்துகொள்ளும். பார்த்தால் கண்ணியாகவே தெரியாது. அதை விட்டால் வரிக்கு ஒரு கண்ணி குறையும். முதல் வரியில் 150 கண்ணி இருந்தது இருபதாவது வரி முடிய 131 ஆகிவிடும். திரும்பித் திரும்பிப் பின்னுவதால் இரண்டு பக்கமும் உள்ளே சரிந்து, போர்வை பாவாடைத் துண்டு மாதிரி ஆகும். காலடிக் கண்ணியிலும் பின்னி, கடைசிச் சங்கிலியிலும் பின்னினால் அகன்றுகொண்டே போகும்.

பெரியம்மா இதற்குச் செய்தது ஒன்றுதான். மூன்றாவது சங்கிலியைப் போட்டு முடித்த கையோடு, அடுத்த கண்ணிக்கு நூல் சுற்றுவதற்கு முன்பே, அந்தச் சங்கிலியின் இரண்டு இழைக்குள் ஒரு சின்னச் சட்டைப்பின்னைக் கொளுவிவிடுவார். திரும்பி வரும்போது தேடத் தேவையில்லை; பின் நிற்கிற இடம்தான் கடைசிக் கண்ணி. பின்னைக் கழற்றி, அதே ஓட்டைக்குள் ஊசியை விடு. நான் என்ன அவசரத்தில் இருந்தாலும் "பின் குத்தினியோ?" என்று கேட்காமல் ஒரு வரிகூடத் திரும்ப விடவில்லை. அந்தப் பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன், பெரியம்மா?

தருமபுரத்தில் இருக்கிற கணக்கு ரீச்சர், ஓய்வு பெற்று இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு ஒரு பாடம் எடுத்தீர்கள். 150 கண்ணி வேண்டுமென்றால் 152 சங்கிலி போடு, ஊசியில் கிடக்கிற வளையத்தை எண்ணாதே, ஊசியிலிருந்து நாலாவது சங்கிலியில் தொடங்கு, விட்ட மூன்றும் முதல் கண்ணி என்று கொப்பித் தாளில் கீறிக் காட்டினீர்கள். 25 கண்ணிக்கு ஒரு வேற்று நிற நூல் கட்டச் சொன்னதும் நீங்கள்தான். ஆறு துண்டாகப் பிரித்த பிறகு 150 வரை எண்ணவே தேவையில்லாமல் போயிற்று. எந்தத் துண்டில் 24 நிற்கிறதோ அதை மட்டும் பார்த்தால் போதும்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று. எண்ணிக்கை சரியாயிருந்தும் கரை ஏன் நெளிகிறது என்று கேட்டேன். துணியை மடியில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தொடக்கத்தில ஒண்டு கூடுது, முடிவில ஒண்டு குறையுது. விடை சரி, வழி பிழை" என்றீர்கள். காலடியில் ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டு, கடைசிச் சங்கிலியை விட்டால் கூட்டுத்தொகை மாறாது, கரை மட்டும் நேராய் நிற்காது. எண்ணுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். தொகையை மட்டும் நம்பாமல் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் எதில் நிற்கின்றன என்று பார்க்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் நூல் கடை வைத்திருக்கிற தம்பிக்கும் நன்றி. கறுப்பு நூலைக் கேட்டபோது, "அக்கா, பழகிற ஆளுக்குக் கறுப்பில கண்ணி தெரியாது, வெளிர் நிறத்தில எடுங்கோ" என்று வியாபாரத்தைப் பாராமல் சொன்னார். பந்துகளின் சுற்றுத்தாளில் உள்ள சாயத் தொகுதி இலக்கத்தை (ஒன்றாய்ச் சாயமிட்ட நூலுக்கு ஒரே இலக்கம்) ஒவ்வொன்றாய்ப் பார்த்து, நிறம் மாறாமல் ஒரே இலக்கத்தில் பொறுக்கித் தந்தார். 5 மில்லிமீற்றர் ஊசியோடு 6 ஒன்றையும் கையில் வைத்தார். அடிச்சங்கிலியைப் பெரிய ஊசியால் போட்டால் அது இறுகாமல் மேல்வரியின் அகலத்துக்கு நிற்கும். கீழ்க் கரை சுருங்காததற்கு அவரே காரணம்.

விறாந்தையில் பாடம் படித்துக்கொண்டே துண்டு துண்டாய் எண்ணித் தந்த முன்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும், கனடாவில் விடியமுன் எழும்பி வீடியோவில் கை பிடித்துக் காட்டாத குறையாகச் சொல்லித் தந்த மச்சாளுக்கும் என் அன்பு. பிள்ளைகளே, எண்ணி முடியாமல் அடுத்த வரி தொடங்கக்கூடாது என்று நீங்கள் போட்ட சட்டத்தை இன்றைக்கும் மீறுவதில்லை.

அம்மா கேட்கச் சொன்னது ஒன்று: ஒருநாள் எல்லோரும் வீட்டுக்கு வரவேண்டுமாம், புழுங்கலரிசிக் கஞ்சி காய்ச்சுவாவாம்.

நூல் ஐந்து பந்து மிச்சம் இருக்கிறது. பழக விருப்பமானவர்கள் சனிக்கிழமை பின்னேரம் பெரியம்மா வீட்டு விறாந்தைக்கு வாருங்கள். அவருக்கும் சம்மதம். 6 மில்லிமீற்றர் ஊசியை இரவல் தருவேன். வரும்போது சின்னச் சட்டைப்பின் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
விசுவமடுவிலிருந்து உங்கள் பிள்ளை