கோழிக்கூண்டும் ஈக்களும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கோழிக்கூண்டுக்குப் பக்கத்து வகுப்புகளில் ஈத்தொல்லை அதிகம் என்று உங்களில் சிலர் சொல்லியிருந்தீர்கள். "கோழிதான் ஈயைத் தின்னுமே, அப்புறம் எப்படி இவ்வளவு ஈ?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

பறக்கிற ஈ கோழியிடம் எப்போதாவதுதான் சிக்கும். கோழி எச்சத்தைக் கிளறி, ஈயாக மாறுவதற்கு முன்பே புழுவையும் கூட்டுப்புழுவையும் கொத்தித் தின்கிறது. ஆனால் அதன் கால் எட்ட வேண்டுமே! போன வாரம் பிள்ளைகளோடு உள்ளே போய், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடந்த பலகையைத் தூக்கினேன். ஊறிப்போன எச்சத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. பலகையை நகர்த்தியதுதான் தாமதம், கோழிகள் ஓடிவந்து ஒன்று விடாமல் கொத்தித் தீர்த்தன. "இந்தப் பலகைதான் சார் அதுங்களுக்கு வீடு" என்றான் ஒரு பையன். சரியாகச் சொன்னான்.

வீட்டு ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் அந்த முட்டை ஈயாகிப் பறந்துவிடும். நாங்களோ மாதத்துக்கு ஒருமுறைதான் கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அது எங்கள் தவறு. இனி வாரம் இருமுறை எச்சத்தைச் சுரண்டி எடுத்து, காய்ந்த மரத்தூள் போடுவோம். தண்ணீர் சிந்தாமலிருக்க, தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றிவிட்டோம். எச்சம் காய்ந்து கிடந்தால் ஈப்புழு அதில் வளராது.

மருந்து அடிக்கச் சொன்னவர்களுக்கு: அடிக்கப் போவதில்லை. மருந்தில் செத்த ஈயையும் கோழி கொத்தும். பிள்ளைகள் தொட்டுப் புழங்கும் இடமும் அதுதான். ஈப்பொறிகளைக் கூண்டிலிருந்து தள்ளித்தான் கட்டியிருக்கிறோம். அதன் வாடைக்கே ஈ வரும் என்பதால் பக்கத்தில் வைக்கவில்லை.

உங்களிடம் கேட்பது முக்கியமாக ஒன்று. பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவரும் மிச்சச் சாப்பாட்டைக் கோழிகள் தின்று தீர்ப்பதில்லை; மீதி அங்கேயே புளித்துக் கிடக்கிறது. ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுத்தனுப்ப வேண்டாம், அதுவும் காலையில் மட்டும். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ வீட்டிலும் பழக்குங்கள். கோழி எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கூண்டுக்குப் பக்கத்தில் செத்த எலி, பறவை எதைப் பார்த்தாலும் தொடாமல் ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள். அழுகிய உடலில் வளர்ந்த புழுவைத் தின்ற கோழிக்கு, அதிலுள்ள நச்சால் கழுத்துத் துவண்டு உயிரே போகலாம்.

செள்ளு பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் மர இடுக்கில் ஒளிந்து, இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும் பூச்சி அது. உட்காரும் கட்டைகளை வரும் சனிக்கிழமை காலை கழற்றி, இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவப் போகிறோம். வர முடிந்த பெற்றோர்கள் வாருங்கள். கையுறையும் சுரண்டியும் பள்ளியிலேயே இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்