மாநாட்டுக்கு சேல்ஸ் ஆளுங்க மட்டும் போனா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

அரசு கல்வி, ஆய்வு நிறுவனங்கள் ஆய்விதழ் படிக்கறதுக்கு மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டுற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பத்தி நம்ம பேப்பர்ல வந்ததைப் படிச்சேன். மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ், எல்லாம் சரிதான், ஆனா உலகத்துல வர்ற ஏகப்பட்ட ஜர்னல்களுக்கு காப்பி எடிட் பண்ணி (அதாவது பிழை திருத்தி), எக்ஸ்எம்எல்னு கம்ப்யூட்டருக்குப் புரியற குறியீடு போட்டு, பக்கம் அமைச்சு அனுப்புறது சென்னையிலயும் புதுச்சேரியிலயும் ஷிஃப்ட் போட்டு உக்காந்திருக்கிற நம்ம ஆளுங்கதான்னு எத்தன பேருக்குத் தெரியும்? சொந்தக்காரங்க கேட்டா 'டேட்டா என்ட்ரியாப்பா'ம்பாங்க. நானும் அந்த வேலையிலதான் இருக்கேன்.

இந்தத் தொழிலுக்குன்னு வருஷா வருஷம் மாநாடு நடக்குது. அமெரிக்காவுல 1978ல ஆரம்பிச்ச சொசைட்டி ஃபார் ஸ்காலர்லி பப்ளிஷிங்ங்கற சங்கம் மே, ஜூன் வாக்குல நடத்துது, இங்கிலாந்துல ஏஎல்பிஎஸ்பிங்கற பதிப்பாளர் சங்கம் செப்டம்பர்ல, அப்புறம் அக்டோபர்ல ஜெர்மனியில ஃப்ராங்ஃபர்ட் புத்தகச் சந்தையை ஒட்டி எஸ்டிஎம்ங்கற இன்னொரு பதிப்பாளர் சங்கம். இங்கேருந்து போறது யாருன்னு பாத்தீங்கன்னா ஓனர், வைஸ் பிரசிடென்ட், சேல்ஸ், அவ்ளோதான். ஸ்டால் போட்டு, பேனாவும் சாக்லேட்டும் வெச்சு, கிளையன்ட்டைப் பாத்து பேஜ் ரேட் (ஒரு பக்கத்துக்கு இவ்ளோன்னு) பேசிட்டு வந்துடுவாங்க. தப்புன்னு சொல்லல, ஆர்டர் வந்தாதானே எங்களுக்குச் சம்பளம்.

ஒரு தடவை டெமோ காட்ட ஆள் வேணும்னு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க, எந்த கம்பெனி எந்த மாநாடுங்கறது வேணாம். அங்க பேப்பர் மில் பத்தி ஒரு செஷன், அதாங்க காசு வாங்கிட்டு போலி ஆய்வுக்கட்டுரை தயார் பண்ணிக் குடுக்கிற கும்பல். 2023ல மட்டும் ஹிந்தாவிங்கற பதிப்பகத்தோட ஜர்னல்கள்லேருந்து 8,000த்துக்கு மேல கட்டுரைகளை வாபஸ் வாங்கினாங்களே, அந்த விவகாரம். மேடையில பப்ளிஷர், ப்ரொஃபசர், சாஃப்ட்வேர் விக்கிறவர்னு எல்லாரும் இருந்தாங்க, ப்ரொடக்‌ஷன்லேருந்து ஒருத்தர் கூட இல்ல.

ஆனா இந்தத் திருட்டுல ஒரு பகுதி கண்ணுல படுறதே எங்க டெஸ்க்லதான். கட்டுரை அக்செப்ட் ஆகி வர்றப்ப நாலு ஆத்தர் இருப்பாங்க, ஆத்தர் சரிபாக்க ப்ரூஃப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப பாத்தா புதுசா ரெண்டு பேரு, வேற வேற நாடு, அவங்க அந்த ஆய்வுல என்ன செஞ்சாங்கன்னு ஒரு வரி கிடையாது, கூடவே கரஸ்பாண்டிங் ஆத்தரையும் (கட்டுரைக்காக ஜர்னலோட தொடர்புல இருக்கிறவரையும்) மாத்திடுங்கன்னு ஒரு கமென்ட் வேற. ஆத்தர் இடத்தை விலை பேசி வித்திருக்காங்கன்னு சந்தேகப்பட வேண்டிய கேஸ் இது, இந்த மாதிரி வந்தா என்ன செய்யணும்னு கோப்ங்கற சர்வதேச பதிப்பு நெறிமுறை அமைப்பு வழிமுறையே போட்டு வெச்சிருக்கு. ஆனா இங்க ஒரு நாள்ல ஃபைல் முடிஞ்சாகணும், க்வெரி போட்டா 'ஆத்தர் கேட்டதைச் செஞ்சிடுங்க'ன்னு பதில் வரும், மறுபடி கேட்டா லேட்டுன்னு நம்ம தலையிலதான் விடியும்.

மைக் வந்தப்ப இதைத்தான் சொன்னேன். வெளிய வந்ததும் ஒரு பப்ளிஷர் அம்மா தேடி வந்து, ப்ரூஃப்ல இப்படி வந்தா உங்க டீம் நேரா யாருக்குச் சொல்றாங்கன்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லன்னேன். எங்க சேல்ஸ் ஆளுக்கு மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! ஆனா பேஜ் ரேட் பேசற கூட்டத்துல இந்தப் பேச்சு எப்ப வரும் சொல்லுங்க?

இப்ப ஏஐ வந்து காப்பி எடிட்டிங்கை முழுசா பாத்துக்கும்னு மேடைக்கு மேடை பேசறாங்க, அதையும் அந்த வேலையைச் செய்யறவங்க இல்லாமத்தான் பேசறாங்க. ஆன்லைன்ல கேக்கலாமேன்னா மே, ஜூன்ல நியூயார்க் நேரப்படி மதியம் ரெண்டு மணி செஷன் நமக்கு ராத்திரி பதினொன்றரை, காலை ஷிஃப்ட்காரன் எங்க முழிச்சிருக்கறது.

விசா ஃபீஸ் தனி, டிக்கெட் தனி, அதனால எல்லாரையும் அனுப்புங்கன்னு கேக்கல. நாலு பேர் போற இடத்துல ஒருத்தர் டெஸ்க் ஆளா இருக்கட்டும். இல்லன்னா இங்க இருக்கிற கம்பெனிங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல ஒரு நாள் மாநாடு போடட்டும், பப்ளிஷருங்களை இங்க வரச் சொல்லட்டும். ஒரு சனிக்கிழமையா வெச்சா புதுச்சேரிலேருந்து காலையில பஸ் ஏறிக்கூட வந்துடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு காப்பி எடிட்டர், சென்னை